கால்வாய் பாயும் மேலூர் இருக்க, விலை சொல்வது ஏன் விருதுநகர்?

வைகை_வடகரை கேட்டது:

1895-ல பெரியாறு அணைத் தண்ணி வந்ததுல இருந்து பேரணைக் கால்வாய் வழியா வாடிப்பட்டி, மேலூர் பக்கமெல்லாம் பாசனம். மண்ணும் சோடை இல்ல. ஆனா துவரை, உளுந்து, வத்தல், மல்லி, நல்லெண்ணெய்னு எதுக்கு விலை பார்த்தாலும் பேப்பர்ல வர்றது 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்'. அங்க ஆறும் கிடையாது, கடலும் கிடையாது, ஏப்ரல் மாசம் போனா கண்ணு கூசுற வெயில் மட்டும் இருக்கு.

என் கேள்வி ரெண்டு. ஒன்னு, இதுக்குக் காரணம் ஊர் இருக்கிற இடமா, இல்ல அந்த வியாபாரிகளோட சொந்தபந்தக் கட்டா? ரெண்டாவது, சொந்தபந்தம்தான் காரணம்னா, பல சாதியும் கலந்து கிடக்கிற ஒரு விவசாயக் கூட்டம் அதே மாதிரி கட்டு ஒன்னைப் புதுசா உண்டாக்க முடியுமா? சேடப்பட்டி, பேரையூர் பக்கம் மானாவாரி ஆட்கள் 40 பேர், ஆளுக்கு 5 குவிண்டால் துவரை வச்சிருக்காங்கன்னு வச்சுக்குங்க. கமிஷன் கடைக்குத் தனித்தனியா போறதை விட்டுட்டு சேர்ந்து விக்கணும்னா எங்க இருந்து ஆரம்பிக்கணும்? பொத்தாம் பொதுவா 'ஒற்றுமை வேணும்'னு சொல்லாம, கணக்கோட சொல்லுங்க.

கரிசக்காடு சொன்னது:

முதல்ல ஒரு திருத்தம். விருதுநகருக்கு கௌசிகா ஆறுன்னு ஒன்னு இருக்கு. மழைக்கு மட்டும் ஓடும், அதனால உங்க வாதத்துக்குப் பெரிய சேதம் இல்ல.

தண்ணி இருந்தா செழிப்பு வரும், அது சரி. ஆனா நஞ்சைச் செழிப்பும் வியாபாரச் செழிப்பும் வேற வேற. நஞ்சையில விளையிறது நெல்லு. குத்தகை நெல்லாவே அளந்தாச்சு, கூலி நெல்லாவே கொடுத்தாச்சு, மிச்சம் குதிருக்குப் போச்சு. ரூபாய் கையில புரள வேண்டிய அவசியமே இல்லாம ஒரு வருஷம் ஓடிரும். கரிசல்ல விளையிறது பருத்தி, வத்தல், மல்லி, பயறு. பருத்தியை யாரும் ஆக்கித் தின்ன முடியாது, வித்தாத்தான் அடுப்பு எரியும். அதனால மானாவாரி ஊர்ல வியாபாரி ஒருத்தன் இருந்தே ஆகணும். 1861-ல அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பஞ்சு வர்றது நின்னப்ப, திருநெல்வேலிப் பருத்திக்கு தூத்துக்குடித் துறைமுகத்துல கிராக்கி ஏறுச்சு. அந்தப் பணம் வந்து விழுந்தது கரிசலுக்கு, காவாப் பாசனத்துக்கு இல்ல.

அடுத்தது காத்து. வத்தலும் பயறும் வருஷக்கணக்குல கிடங்குல கிடக்கணும்னா ஈரப்பதம் குறைவா இருக்கணும். நீங்க குறை சொல்ற அந்த வெயில்தான் அங்க இலவசக் களம், இலவசக் காய்ப்பு மெஷின். வத்தலை அள்ளிக் குலுக்கினா விதை உள்ள கலகலன்னு ஆடணும். ஆடலைன்னா ஈரம் இருக்கு, ஒரு மாசத்துல கறுப்புப் பூசணம் பிடிச்சிரும். சிவகாசிக்குத் தீப்பெட்டி வந்ததுக்கும் இதே வறட்சிதான் ஒரு காரணம்.

மூணாவதுதான் இடம். ரெட்டை மாட்டு வண்டி பாரத்தோட ஒரு நாளைக்கு 25, மிஞ்சினா 30 கிலோமீட்டர் போகும். மதுரையில கிளம்பினா முதல் நாள் திருமங்கலம், ரெண்டாம் நாள் விருதுப்பட்டி. விருதுநகரோட பழைய பேரு அதுதான். அங்க இருந்து கிழக்க ஒரு நாள் நடையில அருப்புக்கோட்டை, தென்மேற்க ஒரு நாள் நடையில சிவகாசி. மேப்பை விரிச்சு வச்சு ஸ்கேல் போட்டுப் பாருங்க, மாடு எங்க படுத்துச்சோ அங்க ஊர் வளர்ந்திருக்கு. தெக்க தேரிக்காட்டுல (செம்மணல் மேட்டுப் பகுதி) இருந்து கருப்பட்டி, கருவாடு, உப்பு ஏத்திட்டு வந்த நாடார் வியாபாரிங்க ராத்தங்க இந்த ஊர்கள்ல கட்டினதுதான் பேட்டை: சுத்திலும் மதில், உள்ள கிணறு, சரக்குக் கொட்டகை, மாட்டுக்குத் தொட்டி. 1876-ல தூத்துக்குடி வரைக்கும் ரயில் போனப்ப தண்டவாளமும் இதே திருமங்கலம், விருதுநகர் வழியாத்தான் போச்சு.

தராசுமுள் சொன்னது:

கரிசக்காடு சொன்னது பாதிதான். ரயில் எத்தனையோ ஊர் வழியாகப் போனது, எல்லா ஊரிலுமா மார்க்கெட் வந்தது? பேட்டையில் கிணறு வெட்டவும் காவல் போடவும் பணம் வேண்டும். அந்தப் பணம் வந்த வழியில்தான் விஷயம் இருக்கிறது.

அதற்குப் பெயர் மகமை. பேட்டைக்குள் சரக்கு இறக்குகிறவர் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவில் கட்ட வேண்டும். லாபம், நஷ்டம் என்ற பேச்சே இல்லை, சரக்கு நகர்ந்தால் மகமை உண்டு. வசூலிப்பதும் செலவழிப்பதும் உறவின்முறை, அதாவது அந்தந்த ஊர் நாடார்களின் சமூக அமைப்பு. திருமங்கலம், விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர் உறவின்முறைகளும் இந்த வழியில்தான் நிலைபெற்றன. முதலில் கிணறும் மதிலும், பிறகு கோயில், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம். விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1880-களில் தொடங்கியது. அதற்கு வீடுவீடாகப் பிடியரிசி எடுத்தார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் பேங்க் தொடங்கியதும் இந்தத் தொடர்ச்சிதான். 1962-ல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க் என்று பெயர் மாறியது.

மகமையை வெறும் நன்கொடை என்று நினைத்தால் அதன் முக்கிய வேலை கண்ணில் படாமல் போகும். மூட்டைக் கணக்கில் வசூலித்தால் யார் கடையில் எத்தனை மூட்டை நகர்கிறது என்பது பொதுக் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஒருவர் கடன் கேட்டால் அவர் சொல்லை நம்ப வேண்டியதில்லை, மகமை நோட்டைப் புரட்டினால் போதும். இன்றைக்கு பேங்க் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கேட்கிறதே, அதே வேலையை அன்றைக்கு அந்த நோட்டு செய்தது. ஏமாற்றினால் தண்டனையும் கையிலேயே இருந்தது. சரக்கு வராது, பெண் கொடுக்க மாட்டார்கள், பஞ்சாயத்தில் நிற்க வேண்டும். கோர்ட்டுக்கு அலையாமல் பாக்கி வசூலானதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதை ரொம்பவும் சிலாகித்துப் பேசுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டு அன்பினால் மட்டும் வந்ததில்லை. மற்ற தெருவில் இடமில்லை, கோயிலில் நுழைவில்லை என்ற நிலையில் மதில் கட்டிக்கொண்டார்கள். கமுதிக் கோயிலில் நுழைய உரிமை கேட்ட அவர்களின் வழக்கு 1908-ல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது. 1899-ல் சாதிக் கலவரத்தில் சிவகாசி எரிந்தது. வெளியே கதவு அடைத்ததால்தான் உள்ளே கட்டு இறுகியது. அப்படி இறுகிய கட்டுக்கு வெளியே நின்ற சிறு வியாபாரிக்கு அதே மதில் எப்படி இருந்திருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பைபாஸ்_ரோடு சொன்னது:

எல்லாம் பழைய கதை சார். நாலுவழிச் சாலையில மதுரை டூ விருதுநகர் ஒரு மணி நேரம். விலை போன்ல வருது, பணம் யூ.பி.ஐ.ல வருது. இடமும் வேணாம், சொந்தமும் வேணாம். சரக்கு நல்லா இருந்தா எவனும் வாங்குவான்.

மாட்டுத்தாவணி_4மணி சொன்னது:

பைபாஸ் தம்பி, போன்ல விலைதான் வரும். சரக்கோட தரமும் வராது, வாங்குறவன் பணம் கொடுப்பானாங்கிறதும் வராது. பூ மார்க்கெட்டைப் பாருங்க, ரெண்டும் பளிச்சுனு தெரியும்.

மல்லிகைக்கு தூரம்னா கிலோமீட்டர் கிடையாது, மணி. விடியுறதுக்கு முன்னாடி மொட்டாப் பறிக்கணும், அது சாயங்காலம் விரியும். இடைப்பட்ட நேரத்துக்குள்ள பறிச்சு, மார்க்கெட்டுக்கு வந்து, கட்டி, வாங்குற கைக்குப் போயிரணும். உசிலம்பட்டி, செல்லம்பட்டி, திருமங்கலம், நிலக்கோட்டைன்னு மல்லிகை போடுற ஊர் எல்லாம் மதுரையைச் சுத்தி வளையமா நிக்கிறதுக்கு செம்மண்ணு ஒரு காரணம், இந்த மணிக்கணக்கு இன்னொரு காரணம். 2013-ல மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. குறியீடு இருக்குன்னு மொட்டு ஒன்னும் கூடுதலா ரெண்டு மணி நேரம் காத்திருக்காது.

இப்ப கடன் பக்கம் வாங்க. கார்த்திகையில கவாத்து வெட்டுவாங்க, அதுக்கப்புறம் மாசி, பங்குனி வரைக்கும் செடியில பெருசா பூ இருக்காது. உரம், ஆள்கூலி எல்லாம் அப்பத்தான். கமிஷன் கடைக்காரர் அட்வான்ஸ் கொடுப்பார், வட்டின்னு எழுத மாட்டார். பதிலுக்குப் பூ அந்தக் கடைக்குத்தான் வரணும், கமிஷனும் அவருக்குத்தான். பனியில வரத்து குறைஞ்சு தைப்பொங்கலும் முகூர்த்தமும் சேர்ந்து வந்தா, கிலோ சில நூறுல இருந்து ஆயிரக்கணக்குக்கு ஏறும். அன்னைக்குப் பக்கத்துக் கடைக்காரன் 200 ரூபா கூடச் சொன்னாலும் பழைய கடைக்குப் போறவருக்கு அடுத்த வருஷமும் அட்வான்ஸ் உண்டு. அன்னைக்கு மாத்திக் கொட்டினவரு, சீசன்ல பூ மலிஞ்சு யாரும் எடுக்காம கிடக்குறப்ப, அந்தக் கடை வாசல்ல போய் நிக்க முடியாது.

இது சுரண்டலா, இன்சூரன்சானு கேட்டா, ரெண்டும்தான். கமிஷனையும் எடைக் கழிவையும் தனித்தனியா எழுதி வாங்குற வரைக்கும் எது எவ்வளவுன்னு வெளிய தெரியாது.

ஒன்பதுகோயில் சொன்னது:

சொந்தபந்தக் கட்டு எங்கே முறியும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. செட்டிநாடும் வானம் பார்த்த பூமிதான். அங்கே வட்டித் தொழில் செய்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஒன்பது கோயிலாகப் பிரிந்தவர்கள். ஒரே கோயில் என்றால் பங்காளி, பெண் எடுப்பது வேறு கோயிலில். இதனால் பணம் ஒரு குடும்பத்துக்குள் தேங்காமல் சம்பந்தி வீடுகளின் வழியாகச் சுற்றியது. கடையில் சொந்த முதல் முதல்பணம், உறவினர் போட்டது மேல்பணம். கடைக்கு அனுப்பும் ஆள் மூன்று வருஷக் கணக்கு. பெட்டியடியில் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாவது படிப்படியாக. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி நடப்பு வட்டி சொல்வார்கள், கடல் தாண்டியும் அதுதான் கணக்கு.

1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 வட்டிக்கடைகளும் 75 கோடி ரூபாயும் இருந்ததாக அங்கே அரசு வைத்த வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டது. நம்பிக்கையில் ஓட்டை விழவில்லை, நோட்டில் பிசகு இல்லை. ஆனால் எல்லார் பணமும் ஒரே பயிரின் மேல், கீழ்ப் பர்மா நெல்லின் மேல் நின்றது. உலக மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் கடன்காரர்களால் பணம் கட்ட முடியவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. நெல் விளையும் 13 மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-க்குள் 25 சதவீதம் ஆனது. பணத்தைத் திருப்ப நினைத்தவர்கள் கையில் சேற்று வயலும் ஊர்க்காரர்களின் வெறுப்பும் மிஞ்சின. 1942-ல் ஜப்பானியர் வந்தபோது கணக்கு முடிந்தது.

உங்கள் 40 பேருக்கு இது ரொம்பப் பெரிய உதாரணம்தான். ஆனாலும் 40 பேரும் துவரை மட்டும் வைத்திருந்தால், 40 பேரும் சேர்ந்திருப்பதால் விலை விழும்போது ஒரு பலனும் இல்லை. பாதிப் பேர் குதிரைவாலியோ உளுந்தோ போடட்டும்.

குத்தூசி சொன்னது:

ரெண்டாவது கேள்விக்கு யாரும் வரல, நான் வர்றேன். 40 பேர், ஆளுக்கு 5 குவிண்டால், மொத்தம் 20 டன். ரெண்டு ஆறு சக்கர லாரி லோடு. குவிண்டால் 7,500 ரூபான்னு வச்சா 15 லட்சம். மில்லுக்காரர் பேசுறதுக்கு இது போதுமான அளவு. ஆனா அவர் கேக்குறது 10 டன் ஒரே தரத்துல. இங்கதான் கூட்டம் உடையும்.

வாங்குற ஆள் மூட்டையை அவுத்துப் பாக்க மாட்டார், குத்தூசியைச் சொருகி மாதிரி எடுப்பார். 200 சாக்குல கண்ட இடத்துல பத்துப் பன்னெண்டு குத்து. கையில உருட்டி, ஒரு பருப்பைக் கடவாப்பல்லுல வச்சுக் கடிப்பார். 'டக்'னு உடைஞ்சா காய்ஞ்சது, நசுங்குனா ஈரம். ரெண்டு பேரோட ஈரச் சரக்கு குத்தூசியில மாட்டினா லோடு முழுக்க அந்தத் தரம்தான், விலை 40 பேருக்கும் இறங்கும். கணக்கு பாருங்க: 14 சதவீத ஈரத்துல இருக்கிற 10 டன்னை 11-க்குக் காய வச்சா 337 கிலோ தண்ணியாப் போகும், கிலோ 75-னு வச்சா 25 ஆயிரம் ரூபா. வாங்குறவர் இதை மட்டும் கழிக்க மாட்டார், காயவைக்கிற கூலியையும் பயத்தையும் சேர்த்துக் கழிப்பார். அதனால மூட்டை கட்டுறதுக்கு முன்னாடியே ஈரமானி வச்சு ஒவ்வொருத்தர் சரக்கையும் பாருங்க. 11-க்கு மேல இருந்தா களத்துக்குத் திருப்பி அனுப்புங்க, அது தலைவரோட மச்சான் சரக்கா இருந்தாலும்.

சாக்கு விஷயத்துல எல்லாரும் ஏமாறுறாங்க. 50 கிலோ சணல் சாக்கு அரைக் கிலோவுக்கு மேல இருக்கும், பிளாஸ்டிக் சாக்கு நூறு கிராம் சொச்சம்தான். பிளாஸ்டிக்ல கட்டிக் கொண்டுபோய் சணலுக்கான கழிவைக் கொடுத்தா சாக்குக்கு 450 கிராம் போச்சு. உங்க 20 டன்னுக்கு 400 சாக்கு, 180 கிலோ துவரை சும்மா போகுது.

அப்புறம் பணம். அறுப்பு முடிஞ்ச அன்னைக்கே காசு வேணும்கிறதாலதான் ஆளு கமிஷன் கடைக்கு ஓடுறார். 40 பேர் ஆளுக்கு 10,000 பங்கு போட்டாலும் 4 லட்சம்தான், பாதி விலையை உடனே கொடுக்கணும்னாலே ஏழரை லட்சம் வேணும். அதுக்கு வழி ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். திருமங்கலத்துல ஒரு கூடம் இருக்கு. சரக்கை அங்க கிடங்குல வச்சா மதிப்புல 75 சதவீதம் வரைக்கும் பொருளீட்டுக் கடன், 180 நாள் தவணை. 5 குவிண்டாலுக்கு ஆளுக்கு 28,125 ரூபா கையில வரும். வட்டி, உச்சவரம்பு ரெண்டையும் கூடத்துக் கண்காணிப்பாளர்கிட்ட அன்னைக்குத் தேதிக்குக் கேட்டுக்குங்க. சரக்கு இ-நாம் என்ற மத்திய அரசு ஆன்லைன் ஏலத்துக்கும் அங்க இருந்தே போகும். துவரையில வண்டு வயக்காட்டுல இருந்தே கூட வரும், அதனால கிடங்குல வைக்கிறதுக்கு முன்னாடி நல்ல வெயில்ல ரெண்டு நாள் போட்டுருங்க.

உற்பத்தியாளர் நிறுவனமாப் பதிவு பண்ண 10 விவசாயி போதும். ஆனா 2020-ல வந்த மத்திய அரசுத் திட்டத்துல உதவி கேக்க சமவெளியில 300 பேர் வேணும்னு வச்சிருந்தாங்க. 40 பேரோட மானியத்தை நம்பிக் கணக்குப் போடாதீங்க. மானியத்துக்காக 260 பேரைப் பேருக்குச் சேத்துக்கிட்டா அதைவிட மோசம், சரக்கு கொண்டு வராத உறுப்பினர் ஓட்டு மட்டும் போடுவார்.

வைகை_வடகரை கேட்டது:

குத்தூசி அண்ணே, நன்றி. மகமை மாதிரி ஒரு பிடித்தம் வைக்கலாமா? வெளிய வித்துட்டா என்ன பண்றது? பெண் கொடுக்க மாட்டோம்னு இந்தக் கூட்டம் சொல்ல முடியாதே.

தராசுமுள் சொன்னது:

குத்தூசிக்குப் பதிலாக நான் சொல்கிறேன். சொந்தத்தில் இருந்த தண்டனைக்குப் பதிலாகப் பணத்தை நிறுத்தி வையுங்கள். விற்ற உடனே 90 சதவீதம், மீதி 10 சதவீதம் அறுப்புக் காலம் முடிந்த பிறகு. பேசிய 5 குவிண்டாலும் வந்திருந்தால் முழுதாகக் கிடைக்கும், வெளியே விற்றிருந்தால் அந்த அளவுக்கு வெட்டு. ஒருவருக்கு 37,500-ல் 3,750 ரூபாய். கமிஷன் கடைக்காரர் குவிண்டாலுக்கு 100, 200 கூடச் சொல்லி இழுக்கும்போது அதற்கு எதிராக நிற்க இந்தத் தொகை போதும். 2 சதவீதம் நிறுத்தினால் யாரும் சட்டை செய்ய மாட்டார்கள், 25 நிறுத்தினால் முதல் வருஷமே யாரும் சேர மாட்டார்கள்.

மகமை வேறு, இந்த நிறுத்தம் வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டால் சண்டை வரும். மகமை குவிண்டாலுக்கு 20 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 4,000. தார்ப்பாய், ஈரமானி பேட்டரி, சாக்குத் தையல் ஊசி, இதற்குமேல் அதில் ஒன்றும் நடக்காது. நடக்கவும் வேண்டாம். அந்த நோட்டு யார் எவ்வளவு கொண்டுவந்தார் என்று காட்டினால் அதுவே போதும். சரக்கு எடை போட்ட அன்று மாலையே நோட்டைக் களத்தில் வைத்துப் பெயர், எடை, ஈரம் மூன்றையும் சத்தமாகப் படியுங்கள். வாட்ஸாப்பில் போட்டோ போட்டால் ஆகாதா என்பார்கள். போடுங்கள், ஆனால் படிப்பதை நிறுத்த வேண்டாம். போட்டோவைப் பார்த்து யாரும் 'என் எடை தப்பு' என்று கை தூக்குவதில்லை.

நோட்டு எழுதுகிறவரும் எடை போடுகிறவரும் ஒரே தெருக்காரராக இருக்கக் கூடாது. அதோடு, எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒருமுறை முத்திரை போட வேண்டும். தொழிலாளர் துறையில் அந்தப் பிரிவு இருக்கிறது. துவரை அறுப்பு தை மாதம், நீங்கள் மார்கழியிலேயே முத்திரை வாங்கிவிடுங்கள்.